சாங்கியிலிருந்து நியூயார்க்: நூல் காட்டும் தூரமும் காற்று காட்டும் நேரமும்

விமானங்களுக்குப் பாதை வகுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளில் சில.

தெம்பனிஸிலிருந்து: நம் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் தூரம் ஒரு இடத்தில் 15,300, இன்னொன்றில் 9,500, மகன் காட்டியதில் 8,300. எது சரி?

மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது சாதா மைல், கடைசி கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளுக்கு அதுதான் கணக்கு.

உட்லண்ட்ஸிலிருந்து: மணிக்கு 900 கி.மீ. என்றால் 17 மணி நேரம்தானே வருகிறது? டிக்கெட்டில் பதினெட்டரைக்கு மேல் போட்டிருக்கிறான். மீதி எங்கே போச்சு அண்ணே?

நல்ல கேள்வி. வீட்டில் உலக உருண்டை இருந்தால் எடுங்கள். என் பேத்தியுடையதில் ஒரு தையல் நூலைச் சிங்கப்பூரில் பிடித்து நியூயார்க்குக்கு இழுத்தேன். நேராக வடதுருவத்தின் மேல் போய் உட்கார்ந்தது. தீர்க்கரேகைக் கணக்கில் நாம் கிழக்கே 104 பாகையில், அவர்கள் மேற்கே 74-இல், உருண்டைக்கு ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கம். அந்த நூலின் நீளம்தான் 15,300.

ஆனால் விமானம் நூல் பிடித்துப் போவதில்லை. பெரும்பாலும் பசிபிக் வழியாகத்தான். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு ஓடுகிறது. முதுகில் அதை வாங்கிக்கொண்டால், தூரம் கூடினாலும் எண்ணெய் மிச்சம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழி, அதுவும் கிழக்கு நோக்கி. போய் வந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியாகிவிட்டது! இன்று போன பாதை நாளைக்கு இருக்காது. காற்றைப் பார்த்துத் தினமும் புதிதாக வகுப்போம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் கணக்கில் சேரும்.

பிடோக்கிலிருந்து: சென்னைக்குப் போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஆறரை. எதிர்க்காற்றா?

இல்லையம்மா, கடிகாரம். பறப்பது இரண்டு பக்கமும் சுமார் நான்கு மணி நேரம்தான். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம் இருக்கும். இந்தியா இரண்டரை மணி நேரம் பின்னால். குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்னால் என்பதால், இங்கே நள்ளிரவில் ஏறினால் அங்கே அதே நாள் விடிகாலை.

செங்காங்கிலிருந்து: நிற்காமல் நியூயார்க் போகும் அந்தச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் எகானமி ஏன் இல்லை சார்?

எடைதான். 2004-இல் நான்கு எஞ்சின் ஏ340-500 வைத்துத் தொடங்கி, எண்ணெய்ச் செலவு தாங்காமல் 2013-இல் நிறுத்தினார்கள். 2018-இல் இரண்டு எஞ்சின் ஏ350-இன் நெடுந்தூர வகை வந்தது. டாங்கு 1,65,000 லிட்டர் பிடிக்கும். அவ்வளவு எண்ணெயைச் சுமப்பதால் ஆட்கள் 161 பேர் மட்டும்.

யீஷூனிலிருந்து: அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. அவ்வளவு நேரம் உட்காருவாரா?

நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். மணிக்கொரு தரம் எழுந்து நடக்கட்டும். காலில் வீக்கம் வருபவர் என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் விமானமும் உண்டு. மொத்தம் ஒரு நாள் பிடிக்கும், ஆனால் நடுவில் கால் நீட்டலாம். என் அம்மாவாக இருந்தால் அதைத்தான் போடுவேன்.