ஊரைச் சிரிக்க வைப்பவர் வீட்டில் பேசுவதில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் வள்ளி திருமணம் நாடகத்தில் பபூன் வேடம் கட்டுபவர். தொண்டி முதல் சாயல்குடி வரை, திருவிழா நடக்கும் ஊர்களில் அவர் மேடையேறினால் விடிய விடியச் சிரிப்பொலிதான். வீட்டுக்கு வந்தாலோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சாப்பிடக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. என் அண்ணன் மகள் கல்யாணத்தில் ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் என் மானத்தை வாங்கிவிட்டார். ஊராருக்குக் கொடுக்கும் சிரிப்பில் கொஞ்சம் எனக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாதா? அவருக்குப் பொறுமையாகப் பேசத் தெரியாமல் இல்லை. சென்ற வாரம் நகைக்கடன் ரசீதுகளை எடுத்து வைத்து, எதை எப்போது மீட்க வேண்டும் என்று நிதானமாக விளக்கினார், வேடப் பெட்டியைக்கூடத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த நிதானம் கல்யாண வீட்டில் எங்கே போயிற்று? சிரிக்க வைப்பவர்களுக்கு உள்ளே சோகம் இருக்கும் என்கிறார்கள். அதற்காக நான் எத்தனை காலம் பொறுப்பது?

வாசகி, தேவிபட்டினம் அருகே

அன்புள்ள சகோதரி,

கல்யாண வீட்டுப் பேச்சு இப்போது வேண்டாம். ரசீதுகளை விளக்கியதையும் வேடப் பெட்டியைக் கொடுத்ததையும் நிதானத்துக்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். அவை விடைபெறும் ஏற்பாடோ என்று நான் அஞ்சுகிறேன். இன்றே அவர் அருகில் அமர்ந்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். இல்லை என்றாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

சிரிக்க வைப்பவருக்குள் சோகம் இருக்கும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அது நோயைத் தொழிலின் இயல்பாக்கிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கிறது. 2014இல் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் உயிரை மாய்த்துக்கொண்டபோதும் பலர் அப்படித்தான் பேசினார்கள். பிரேதப் பரிசோதனையிலோ லூயி பாடி டிமென்ஷியா என்னும் மூளை நோய் தெரியவந்தது. உங்கள் கணவருக்கு என்ன நோய் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் திருவிழாக் காலம் முழுவதும் இரவில் மேடையேறி விடியலில் இறங்குபவரின் உறக்கம் சிதைந்திருக்கும், உறக்கச் சிதைவு மனச்சோர்வைத் தூண்டவும் வளர்க்கவும் வல்லது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆயினும் அவர் வீட்டில் சிரிக்காததை உங்களுக்குச் செய்த அவமதிப்பாகக் கொள்வது நியாயமில்லை. நடிக்கத் தேவையில்லாத ஓரிடம் அவருக்கு உண்டென்றால், அது உங்கள் அருகில்தான். மருத்துவரிடம் ரசீதுகளையும் பெட்டியையும் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அங்கேயும் அவர் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு எழுந்து வந்துவிடக்கூடும்.