பாரனாய்ட், இரண்டாவது ஆல்பம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்டேன். மிகவும் பிடித்துப்போனது. ஆனால் இரண்டாவதான ‘பாரனாய்ட்’ ஒட்டவில்லை. வேலைக்குப் போகும் பேருந்தில் மூன்று முறை கேட்டேன். தலைப்புப் பாடல் சட்டென்று பிடித்தது, மற்றவை இழுவை. ‘பிளானட் கேரவன்’ பாட்டில் பாடகரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. நீங்கள் இந்த ஆல்பத்தில் அப்படி என்ன கேட்கிறீர்கள்?

செ.

அன்புள்ள செ.,

உங்களுக்குப் பிடித்த தலைப்புப் பாடல், இடம் நிரப்புவதற்காகக் கடைசியில் சேர்த்தது. ஆல்பத்துக்கு இன்னும் ஒரு சின்னப் பாட்டு தேவைப்பட்டது; அரைமணி நேரத்துக்குள் போட்டுவிட்டார்கள். மூன்று நிமிடம்கூட இல்லாத அந்தப் பாட்டு பிரிட்டன் தரவரிசையில் 4ஆம் இடம்வரை போனது. ஆல்பத்துக்கு முதலில் வைக்க நினைத்த பெயர் ‘வார் பிக்ஸ்’. அட்டையில் ஒருவன் வாளும் கேடயமுமாக நிற்பது அதற்காகத்தான். பெயர் மாறியது, படம் அப்படியே நின்றுவிட்டது. தலைப்புப் பாடலின் வேகத்தை எதிர்பார்த்து மற்றவற்றுக்குள் போனால் எல்லாமே இழுவையாகத்தான் தெரியும்.

எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தெரிந்தது. ஒரு கோடை இரவில் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்று வீடே நிசப்தமாகிவிட்டது. வாக்மேனில் ‘வார் பிக்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. அபாயச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு கிட்டாரும் பேஸ் கிட்டாரும் ஓங்கி அடித்துவிட்டு நின்றுவிடும். டிரம்மர் பில் வார்டின் ஹை-ஹேட், அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடித் தாளத்தட்டு, மட்டும் டிக் டிக்கென்று ஓடும். அந்த வெற்றிடத்தில் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் தன்னந்தனியாகப் பாடுகிறார். அன்றுதான் அந்த இடைவெளி என் காதில் விழுந்தது. இந்த ஆல்பத்தின் கனமெல்லாம் இடைவெளிகளில்தான் இருக்கிறது. பேருந்தில் அதை இன்ஜின் சத்தம் நிரப்பிவிடும்.

கிட்டார் வாசித்த டோனி அயோமியின் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பர்மிங்காமில் ஒரு தகடு வெட்டும் பட்டறையில் வேலை. 17 வயது. அன்றோடு வேலையை விட்டு நிற்கப்போகிறார். அந்தக் கடைசி நாளில் இயந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. அவர் இடதுகைக்காரர்; கம்பிகளை அழுத்துவது வலது கைதான். படுத்துக் கிடந்தவருக்குப் பட்டறை மேலாளர் ஒரு ரெக்கார்டு கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்தும் வாசித்த ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ராய்ன்ஹார்ட்டின் இசை. அப்புறம் அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளில் சிலவற்றைப் பிடிக்க முடியாததால், இரண்டு விரலுக்கு அடங்கும் கார்டுகளைக் கொண்டே பருமனான ஓசையைத் தேடினார். நீங்கள் இழுவை என்று சொல்லும் ரிஃப்களில், திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் வரிகளில், நான் கேட்பது அந்தக் கையைத்தான்.

வரிகளைப் பெரும்பாலும் எழுதியது பேஸ் வாசித்த கீசர் பட்லர். அமெரிக்கப் படைத்தளங்களில் வாசிக்கப் போனபோது, வியட்நாமிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்களைப் பார்த்தார்கள். ‘ஹேண்ட் ஆஃப் டூம்’ அதிலிருந்து வந்தது. முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில், இது அதே ஆண்டு செப்டம்பரில். ஏழே மாதத்தில் பேய்க்கதையிலிருந்து போருக்கு வந்துவிட்டார்கள்!

‘பிளானட் கேரவன்’ குரலுக்கு வருகிறேன். ஆர்கனுக்காகச் செய்யப்பட்ட, உள்ளே சுழலும் ஒலிபெருக்கி ஒன்று உண்டு, லெஸ்லி என்பார்கள். ஓசியின் குரலை அதன் வழியாக அனுப்பியிருக்கிறார்கள். சரி, குரலை விடுங்கள். அது அடங்கிய பிறகு வரும் கிட்டாரைக் கேளுங்கள். சத்தமே இல்லாத ஜாஸ் வாசிப்பு. ஜாங்கோவின் ரெக்கார்டு எனக்கு அங்கேதான் கேட்கிறது.

இரவில், விளக்கை அணைத்துவிட்டு, முதலிலிருந்து வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். மொத்தமே 42 நிமிடம்தான். ‘பிளானட் கேரவன்’ கிட்டார் மெல்லத் தேய்ந்து மறையும்போது அடுத்த பாட்டுக்குத் தாவிவிடாதீர்கள். ஒரு நொடி அமைதி. அப்புறம் ‘அயர்ன் மேன்’ தொடங்கும், வெறும் டிரம் அடியாக, யாரோ கனத்த காலோடு நடந்து வருவதுபோல.