பெரிய கிளப் கால்பந்தாட்டத்துக்குச் சிறுவனை அழைத்துப் போகலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது. மென்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழு என்றால் உயிர். அடுத்த முறை பெரிய குழு எது புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வந்தாலும் அழைத்துப் போகச் சொல்லி நச்சரிக்கிறான். கணவருக்கு இரவு வேலை, நான்தான் தனியாகக் கூட்டிப் போக வேண்டும். கூட்டத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம், சகோதரி. ஆனால் திட்டமிட வேண்டியது ஆட்டத்தின் 90 நிமிடங்களை அல்ல, அது முடிந்த பிறகு வரும் ஒரு மணி நேரத்தை.

புக்கிட் ஜாலில் அரங்கத்தில் 80 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். உள்ளே போகும்போது அந்தக் கூட்டம் மூன்று நான்கு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. வெளியேறும்போது மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து, ஏராளமானோர் எல்ஆர்டி ரயில் நிலையத்தை நோக்கி நடக்கிறார்கள். பெரியவர்களின் இடுப்பளவே இருக்கும் பிள்ளைக்கு அங்கே முதுகுகளைத் தவிர வேறெதுவும் தெரியாது, காற்றும் குறைவு. அதனால் விசில் ஊதியதும் எழாதீர்கள். அரை மணி நேரம் இருக்கையிலேயே இருங்கள், பிஸ்கட்டோ ரொட்டியோ கொடுங்கள், படிகள் காலியானதும் இறங்குங்கள். செந்தூல் தீமோர் நிலையத்திலிருந்து புக்கிட் ஜாலிலுக்கு ரயில் மாறாமலே போய்வரலாம், அது உங்களுக்குப் பெரிய வசதி. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டையில் முன்கூட்டியே பணம் ஏற்றிவிடுங்கள். திரும்பும்போது நிலையத்தின் டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நிற்கவே கூடாது.

அடுத்தது இருக்கை. முன்வரிசை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அரங்கத்தில் திடலைச் சுற்றி ஓட்டப் பாதை இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்தாலும் ஆட்டக்காரர்கள் தூரத்தில்தான். மழை வந்தால் சாரலும் அடிக்கும். கீழ்த்தட்டின் பின்வரிசைகளில், நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பாருங்கள். முழுத் திடலும் கண்ணுக்குள் அடங்கும், கழிப்பறைக்கு ஓடவும் சுலபம். டிக்கெட்டை ஏற்பாட்டாளர் அறிவிக்கும் தளத்தில் மட்டும் வாங்குங்கள்.

சத்தத்தைப் பலர் கவனிப்பதில்லை. கோல் விழும்போது அரங்கத்தின் ஆரவாரம் 100 டெசிபலைத் தாண்டக்கூடும். பிள்ளைகளின் காது பெரியவர்களுடையதைவிட மென்மையானது. காதை முழுவதும் மூடும் இயர்மஃப் ஒன்று வாங்கி, வீட்டிலேயே சில நாள் மாட்டிப் பழக்குங்கள். புதிதாக அங்கே மாட்டினால் ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடுவான்.

தொலைந்துபோகும் பயத்துக்கு வருவோம். அவ்வளவு பேர் கூடும் இடத்தில் கைப்பேசித் தொடர்பு திணறும், வாட்ஸ்அப் போகாது. அதனால் அவனுடைய முன்னங்கையின் உள்பக்கத்தில் உங்கள் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். நுழைவாயிலில் அன்றைய ஜெர்சியோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "அம்மாவைக் காணோம் என்றால் தேடிக்கொண்டு நடக்காதே. நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடம் சொல்" என்று வீட்டிலேயே இரண்டு மூன்று முறை சொல்ல வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் முன்பே பேசிவிடுங்கள், இது மனசு சம்பந்தப்பட்டது. இவை நட்புமுறை ஆட்டங்கள். பாதி ஆட்டத்தில் குழுவையே மாற்றுவார்கள். அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம், வராமலேயே போகலாம். தோற்கவும் செய்யலாம். 2025 மே 28-ஆம் தேதி இதே புக்கிட் ஜாலிலில் யுனைடெட்டைத் தென்கிழக்காசிய ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆசியான் நட்சத்திரக் குழு 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் மியன்மாரின் மாவுங் மாவுங் லுவின். நம் வட்டாரத்துக்காரர் அப்படி அடித்ததைச் சொல்லி அழைத்துப் போங்கள். அவன் கைதட்ட இரண்டு குழுக்கள் இருக்கும்.

மறுநாள் பள்ளி என்றால் மதியம் ஒரு குட்டித் தூக்கம் போடச் சொல்லுங்கள். சோறு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. பெரும்பாலும் ஆட்டம் இரவில்தான், 60-ஆவது நிமிடத்திலேயே அவன் கண் சொருகினால் தயங்காமல் கிளம்பிவிடுங்கள். "இவ்வளவு காசு கொடுத்து வந்தோமே" என்று உட்கார வைக்க வேண்டாம். அந்த நேரத்து ரயிலில் இருவருக்கும் உட்கார இடம் கிடைக்கும்.