ரத்தத்தில் ஆன்டிபாடி மருந்து எவ்வளவு? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாராசிட்டமாலை ரத்தத்தில் அளப்பதற்கும் ஆன்டிபாடி மருந்தை அளப்பதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? — பி.ஃபார்ம் மாணவர்

பதில்: பாராசிட்டமால் நம் உடம்பு தயாரிக்கும் பொருள் அல்ல. ரத்தத்தில் அது தென்பட்டால் வெளியிலிருந்து வந்ததுதான். ஆன்டிபாடி மருந்தின் கதை வேறு; அது நம் நோயெதிர்ப்புப் புரதத்தின் (ஆன்டிபாடி) வடிவில் செய்த மருந்து. ஐஜிஜி எனப்படும் அதே வகைப் புரதம் ஒவ்வொருவர் சீரத்திலும் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த திரவம்) மி.லி.க்கு ஏறக்குறைய 10 மி.கி. எப்போதும் இருக்கிறது. குடல் அழற்சி நோயாளிக்கு அடுத்த டோஸ் போடுவதற்குச் சற்று முன் எடுத்த சீரத்தில், இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து மி.லி.க்கு 5 மைக்ரோகிராம் இருந்தால் நல்ல அளவு என்போம். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! 25 கிலோ அரிசி மூட்டையில் வேறு ரக அரிசி ஒரு மேசைக்கரண்டி கலந்துவிட்டது, அதை மட்டும் பொறுக்கி எண்ண வேண்டும் என்றால் எப்படியோ, அப்படி.

எதை வைத்துப் பொறுக்குவது என்பது மருந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். எலிக்குக் கொடுத்துப் பார்க்கும்போது சுலபம்: எலி ரத்தத்தில் மனித ஐஜிஜி எது இருந்தாலும் அது மருந்துதான். குரங்குக்கு வந்ததும் சிக்கல் தொடங்கும். குரங்கின் ஐஜிஜி மனிதனுடையதை வெகுவாக ஒத்திருப்பதால், குரங்கு ஐஜிஜியோடு ஒட்டாதபடி சுத்திகரித்த ஆன்டிபாடி தேவை. மனிதர்களிடம் அதுவும் உதவாது. மருந்தின் நுனியை மட்டும், அதாவது இலக்கைப் பிடிக்கிற பகுதியை மட்டும், அடையாளம் காணும் ஆன்டி-இடியோடைப் ஆன்டிபாடியைத் தனியாகத் தயாரித்தாக வேண்டும். அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். மனித ஆய்வு தொடங்கும் நேரத்தில் அதைத் தேடினால் காலம் கடந்துவிடும்; விலங்கு ஆய்வு நடக்கும்போதே ஆரம்பித்துவிட வேண்டும்.

கேள்வி: எலைசா பிளேட்டில் மருந்தே இல்லாத குழியிலும் நிறம் வருகிறது. ஒரே மாதிரியை இரண்டு குழியில் வைத்தால் இரண்டு அளவு காட்டுகிறது. எங்கே தவறு? — ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்

பதில்: எலைசா என்பது ஆன்டிபாடி ஒட்டுவதை நிறமாக்கி அளக்கும் பரிசோதனை. முதலில் அதன் வழக்கமான வரிசையைச் சொல்லிவிடுகிறோம்; உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்தின் இலக்குப் புரதத்தை மி.லி.க்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் என்ற அளவில் கார்பனேட் பஃபரில் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) கரைத்து, 96 குழி பிளேட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, இரவு முழுக்க 4 டிகிரியில் வைப்பது. மறுநாள் 0.05 சதவீதம் ட்வீன் என்ற சோப்புப் பொருள் கலந்த பஃபரால் மூன்று முறை கழுவி, காலி இடங்களைக் கேசீன் (பால் புரதம்) அல்லது பிஎஸ்ஏ (மாட்டு சீரப் புரதம்) கொண்டு ஒரு மணி நேரம் அடைப்பது. பிறகு நீர்த்த மாதிரி, கழுவல், எச்ஆர்பி என்சைம் பூட்டிய ஆன்டி-இடியோடைப், மறுபடி கழுவல், கடைசியில் என்சைம் பட்டதும் நிறம் தரும் டிஎம்பி. குழி நீலமாகும்; அமிலம் விட்டதும் மஞ்சளாக மாறும்; 450 நானோமீட்டரில் படிப்பது.

வெற்றுக் குழியில் நிறம் வந்தால் ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். சில குழிகளில் சீரம் விடாமல் பஃபர் மட்டும் விடுங்கள். அங்கேயும் நிறம் வந்தால் குற்றவாளி என்சைம் ஆன்டிபாடி: செறிவு அதிகம், இல்லையென்றால் அடைப்பு போதவில்லை. பஃபர் குழி சுத்தமாக இருந்து சீரம் விட்ட குழி மட்டும் நிறம் காட்டினால், மூட்டையில் மிச்சமிருக்கும் அரிசிதான், அதாவது சீரத்தின் சொந்தப் புரதங்கள்தான், ஒட்டுகிறது. சீரத்தை இன்னும் நீர்க்கச் செய்யுங்கள். 100 மடங்கில் தொடங்குவது வழக்கம்.

இரண்டு குழி ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் கழுவும் கருவியின் அடைபட்ட ஊசிதான் காரணம். கழுவி முடித்ததும் பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரே வரிசையில் மட்டும் ஈரம் தங்கியிருந்தால் தெரிந்துவிடும். ஓரக் குழிகள் மட்டும் அதிகம் காட்டினால் பிரச்சினை வெப்பநிலையில் இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிளேட்டின் ஓரம் நடுப்பகுதியைவிடச் சீக்கிரம் சூடாகும். பிளேட்டும் டிஎம்பியும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே தொடங்குங்கள்; இன்குபேட்டரில் பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். டிஎம்பி விட்ட அதே வரிசையில், அதே வேகத்தில் அமிலத்தையும் விடுங்கள்.

முடிவை ஏற்பதற்கான வரம்பு, மருந்து அளவீட்டு முறைகளுக்காக 2022-இல் வந்த ஐசிஎச் எம்10 என்ற சர்வதேச வழிகாட்டுதலில் இருக்கிறது. ஒவ்வொரு பரிசோதனை ஓட்டத்திலும், அளவு முன்பே தெரிந்த சரிபார்ப்பு (கியூசி) மாதிரிகளில் மூன்றில் இரண்டு பங்கு, ஒவ்வொரு செறிவிலும் குறைந்தது பாதி, உண்மை அளவிலிருந்து 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: மருந்து ஏற்றி முடித்தவுடன் எடுத்த மாதிரி எப்போதும் அளவுகோலுக்கு மேலே போய்விடுகிறது. வளைவை நீட்டிக்கொள்ளலாமா? — அதே வாசகர்

பதில்: கூடாது. வளைவு என்பது அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து வரையும் அளவுகோல். இன்ஃப்ளிக்சிமாப் கிலோவுக்கு 5 மி.கி. ஏற்றினால் உச்ச அளவு மி.லி.க்கு 100 மைக்ரோகிராமை ஒட்டிப் போகும். உங்கள் பிளேட் குழிக்குள் மி.லி.க்கு 1 முதல் 100 நானோகிராம் வரை படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மைக்ரோகிராம் மாதிரியை 100 மடங்கு நீர்த்தால் 50 நானோகிராம். சரியாக நடுவில் விழும். உச்ச மாதிரியை அதே அளவு நீர்த்தால் 1000 நானோகிராம். வளைவு அங்கே தட்டையாகிவிட்டது. கழுவாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் முறைகளில் இன்னும் மோசம்: செறிவு ஏற ஏற சிக்னல் கீழே இறங்கும், அதிக மருந்து குறைந்த மருந்தாகத் தெரியும்.

உச்ச மாதிரியை 5000 மடங்கு நீர்க்க வேண்டும். நேராகப் பஃபரில் நீர்த்தால் குழியில் இருக்கும் சீரத்தின் பங்கு மற்ற மாதிரிகளில் இருப்பதைவிட வெகுவாகக் குறைந்துபோகும். ஆகவே முதலில் 10 மைக்ரோலிட்டர் மாதிரியை 490 மைக்ரோலிட்டர் மருந்தில்லாத சீரத்தில் கலந்து 50 மடங்கு. அதிலிருந்து 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் பஃபரில் விட்டு 100 மடங்கு. குழியில் இருக்கும் சீரம் எல்லா மாதிரிக்கும் 1 சதவீதமாகவே நிற்கும். 1 மைக்ரோலிட்டரைப் பிப்பெட்டில் எடுக்கும் யோசனையே வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு ஆஸ்துமாவுக்கு ஓமலிசுமாப் ஊசி போடுகிறார்கள். அது ஐஜிஇ-யைக் குறைக்கும் என்றார்கள். இப்போது பரிசோதித்தால் ஐஜிஇ முன்பைவிடக் கூடியிருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா? — ஒரு தாய்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, இது எதிர்பார்த்ததுதான். இந்த ஊசி ஐஜிஇ-யை (ஒவ்வாமையைத் தூண்டும் ஆன்டிபாடி) அழிப்பதில்லை; பிடித்து வைத்துக்கொள்கிறது. தனியாகத் திரியும் ஐஜிஇ சில நாட்களில் உடம்பைவிட்டுப் போய்விடும். மருந்தோடு சேர்ந்த ஐஜிஇ மெதுவாகத்தான் வெளியேறும், அதனால் ரத்தத்தில் தேங்கும். வழக்கமான பரிசோதனை, பிடிபட்டதையும் திரிவதையும் சேர்த்து எண்ணி மொத்தமாகச் சொல்கிறது. உங்கள் மகனுக்குத் தொல்லை தரக்கூடியது திரிகிற ஐஜிஇ, அது குறைந்திருக்கும். ஊசியை நிறுத்திய பிறகும் ஓராண்டு வரை மொத்த அளவு உயர்ந்தே இருக்கலாம். இந்த எண்ணை வைத்து டோஸை மாற்றக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். மகனுக்கு இளைப்பு குறைந்திருக்கிறதா, இரவில் நன்றாகத் தூங்குகிறானா என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்தை உருவாக்குகிறவர்களும் இந்தக் கேள்விக்குத்தான் முதலில் விடை சொல்ல வேண்டும்: எண்ணுவது இலக்கைப் பிடிக்கக் கை காலியாக இருக்கும் மருந்தையா, எல்லா மருந்தையுமா? இதை எழுதி வைக்காமல் இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

கேள்வி: இன்ஃப்ளிக்சிமாப் எடுக்கும் எனக்கு ‘மருந்து அளவு பூஜ்யம்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஊசி போட்டது உண்மை. எப்படி? — ஒரு வாசகர்

பதில்: இரண்டு வழியில் நடக்கலாம். ஒன்று, உடம்பு மருந்தை வேகமாகச் செலவழித்துவிட்டது. மற்றது, உடம்பே மருந்துக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்துவிட்டது. இன்ஃப்ளிக்சிமாபின் நுனிப் பகுதி எலியிலிருந்து வந்தது என்பதால் இரண்டாவதற்கு வாய்ப்பு உண்டு. மருந்தெதிர் ஆன்டிபாடி பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஆன்டிபாடி இல்லையென்றால் மருத்துவர் டோஸைக் கூட்டலாம், இடைவெளியைக் குறைக்கலாம். அதிகமாக இருந்தால் வேறு மருந்துக்கு மாற்றுவதே வழக்கம்.

அந்தப் பரிசோதனைக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. ரத்தத்தில் மருந்து நிறைய இருந்தால் எதிர் ஆன்டிபாடியின் இரண்டு கைகளும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும்; பரிசோதனையில் சேர்க்கும் அடையாளமிட்ட மருந்தைப் பிடிக்காது; ‘இல்லை’ என்று வரும். எனவே அடுத்த டோஸுக்குச் சற்று முன்பு ரத்தம் கொடுங்கள். ஆய்வகத்தில் மாதிரியை அசெட்டிக் அமிலத்தில் வைத்துப் பிணைப்பைப் பிரித்து, டிரிஸ் பஃபரால் நடுநிலையாக்கி, அடையாளமிட்ட மருந்தை மிகுதியாகச் சேர்ப்பார்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பயோட்டின் பிணைப்பை நம்பி நடக்கும் பரிசோதனைகளில் அது குறுக்கிடும்.

கேள்வி: மருந்து ஆய்வில் ரத்தம் எடுக்கும் செவிலியர் நான். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: மருந்து ஏறிய கையில் ரத்தம் எடுக்காதீர்கள். குழாயில் தங்கிய ஒரு சொட்டு போதும், அந்த நோயாளியின் வரைபடமே கெட்டுப்போகும். சீரம் குழாயை 30 நிமிடம் உறைய விட்டு, பிறகு சுழற்றுங்கள். சிவந்துபோன சீரம் என்றால் அப்படியே குறித்து அனுப்புங்கள். பல ஆன்டிபாடி மருந்துகள் ரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அதனால் ஆய்வு நீளும். மாதிரிகள் மாதக்கணக்கில் மைனஸ் 70 டிகிரியில் காத்திருக்கும். அதனால் இரண்டு மூன்று சிறிய குழாய்களில் பிரித்து வையுங்கள், ஒன்றையே திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்கத் தேவை வராது. இன்னொன்று, தாளில் அச்சிட்ட நேரத்தை எழுதாதீர்கள். பத்து மணிக்கு எடுக்க வேண்டியதை 10.25-க்கு எடுத்திருந்தால் 10.25 என்றே எழுதுங்கள். தாமதத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியும், எழுதாத தாமதத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.