சவர்க்காரம்

அன்புள்ள அக்கா,

நான் குன்னூர்ப் பெண். ஒன்றரை வருடமாக இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். கூட்டத்தில் வாயைத் திறந்தாலே யாராவது "சாரி?" என்கிறார்கள். இரண்டாவது தடவை கேட்டால் தொண்டை அடைத்துவிடுகிறது. அதனால் இப்போது பேசுவதே இல்லை, சாட்டில் டைப் செய்துவிடுகிறேன். போன வாரம் நான் கண்டுபிடித்த ஒரு பிழையையும் அப்படித்தான் எழுதினேன், யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் அதையே சொன்னார், அவருக்கு நன்றி சொன்னார்கள். ஆக்ஸென்ட் வகுப்பில் சேரலாமா? தன்னம்பிக்கை வர என்ன வழி?

க.

அன்புள்ள க.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

வகுப்பு வேண்டாம். நீ இருக்கிற லீட்ஸில் பஸ்ஸை 'புஸ்' என்பார்கள், தெற்கே லண்டன் பக்கம் அப்படிச் சொல்ல மாட்டார்கள். லீட்ஸ்காரர் யாரும் அதற்காகக் காசு கட்டி வகுப்புக்குப் போவதில்லையே. ஒன்று மட்டும் தெரிந்துகொள். ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் p-யை ஒரு ஊதலோடு சொல்வார்கள், நாம் ஊதாமல் சொல்கிறோம், அவர்கள் காதில் அது b-யாக விழுகிறது. 'பின்' என்றால் குண்டூசியா குப்பைத்தொட்டியா என்று குழம்புவார்கள். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும், சிக்கலே அங்கேதான். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பார், காற்று பட வேண்டும். அவ்வளவுதான், இதற்கு ஒரு வாரம் போதும்.

எனக்குக் கோபம் வந்தது அந்த சாட் விஷயத்தில்.

என் அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1964 ஒப்பந்தத்தில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள், சாஸ்திரியும் சிறிமாவோவும், தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்களே, அதில் ஒருத்தி. 1971இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கோத்தகிரிக்குக் கொழுந்து பறிக்க வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் கடைக்குப் போய் "சவர்க்காரம் ஒண்ணு தாங்க" என்றிருக்கிறாள். "சக்கரமா?" என்றார் கடைக்காரர். அவள் திரும்பச் சொன்னாள். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் பேசுகிற ஊரில், தமிழ்க்காரி, தமிழில் சோப்பு கேட்டதற்கு!

அதற்கப்புறம் அவள் எந்தக் கடையிலும் வாய் திறக்கவில்லை. விரலை நீட்டுவாள். எனக்கு விவரம் தெரிந்த பிறகு என்னை அனுப்புவாள், நானும் "சோப்பு" என்று ஊர்க்காரப் பிள்ளை மாதிரி கேட்டு வாங்கி வருவேன், அவள் கூட வராததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இதை எழுதும்போது இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

நீ சாட்டில் டைப் செய்கிறாய் என்று படித்ததும் அந்த விரல்தான் ஞாபகம் வந்தது. சிரித்தவர்கள் அன்று சாயங்காலமே மறந்திருப்பார்கள். அம்மா பத்து வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்தாள். அதைச் செய்தது அவர்கள் மட்டுமில்லை, புரிகிறதா? உன் பிழையை இன்னொருவர் சொல்லி நன்றி வாங்கிப் போனாரே, அந்த இடத்தை நீயேதான் காலி செய்து கொடுத்தாய்.

எனக்குப் பத்து வயது இருக்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாவோடு நிற்கிறேன். நல்ல மிஸ்ட், சாக்கெல்லாம் ஈரம். தொங்குகிற தராசில் அம்மாவின் சாக்கை மாட்டினார்கள், முள் முப்பத்தொன்றில் நின்றது. நிறுக்கிறவர் இருபத்தாறு என்று எழுதிக்கொண்டே அடுத்த சாக்குக்குக் கையை நீட்டினார். ஈரத்துக்குக் கழிவு உண்டுதான், ஆனால் ஐந்து கிலோவா? அம்மா சாக்கைப் பிடித்துக்கொண்டாள். "முப்பத்தொண்ணு. முள்ளு நின்ன இடத்த நான் பாத்தேன். திரும்ப மாட்டுங்க." அதே ஹட்டன் இழுவை, சவர்க்காரம் கேட்ட அதே குரல். ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்ப மாட்டினார்கள். ஒரு கிலோ மட்டும் கழித்து முப்பது என்று எழுதினார். பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் அன்றைக்குத் தங்கள் சாக்கு ஏறும்போது தலையைத் தூக்கி முள்ளைப் பார்த்தார்கள்.

தன்னம்பிக்கை எப்படி வரும் என்று கேட்டிருந்தாய். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. அம்மாவிடம் அன்று அப்படி எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை, கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. முள் எங்கே நின்றது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அந்தப் பிழை எந்த வரியில் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் உனக்குத்தானே முதலில் தெரிந்தது?

அடுத்த கூட்டத்தில் சாட்டைத் திறக்காதே. வாயால் சொல். "சாரி?" என்றால் அவருக்குக் காது பழகவில்லை, அவ்வளவுதான். கோபப்படாதே, வேகத்தைக் குறைத்து அதே வாக்கியத்தை மறுபடி சொல். மூன்றாவது தடவை கேட்டாலும் சொல். கூட்டம் முடிந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதிப் போடு, காத்திருப்பேன்.