வாசகர் கேள்வி: கர்ப்பத்தில் எடை

கேள்வி: எனக்கு 4ஆம் மாதம். உயரம் 155 செ.மீ.; கருத்தரிக்கும் முன் 68 கிலோ. 'ரெண்டு உயிருக்குச் சாப்பிடு' என்கிறார் மாமியார். பிள்ளை குண்டாகிவிடுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: கட்டாயம் ஆகும் என்றில்லை, வாய்ப்பு கூடும். எடை 68-ஐ, மீட்டரில் உயரமான 1.55-ஆல் இருமுறை வகுத்தால் 28.3. இதுதான் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண்; உங்களுடையது அதிக எடை. பிரசவம் வரை உங்களுக்கு மொத்தம் 7 முதல் 11.5 கிலோ ஏறினால் போதும். இனி வாரத்துக்குக் கால் கிலோ போல.

தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. சர்க்கரை கூடினால் குழந்தையின் கணையமே அதிக இன்சுலின் சுரந்து, அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்க்கும். எடை அளவோடு இருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அதில் சர்க்கரை 140-ஐத் (மி.கி./டெ.லி.) தொட்டால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

கூடுதலாகத் தேவை நாளுக்குச் சுமார் 350 கலோரிதான்: இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல். வளைகாப்புக்கு வரும் ஆற்காடு மக்கன் பேடாவில் ஒன்றோடு நிறுத்துங்கள். அதற்காகப் பட்டினி வேண்டவே வேண்டாம். எடை குறைந்து பிறந்து, பிறகு வேகமாக ஊதும் குழந்தைக்கும் பின்னாளில் சர்க்கரை நோய் வரலாம்.