வாசகர் கேள்வி: தீர்க்கதரிசிகள் வழிபாட்டை வெறுத்தார்களா?

கேள்வி: “உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன்” என்று கடவுள் உரைப்பதாக, பைபிளில் தீர்க்கதரிசி (கடவுளின் செய்தியை எடுத்துரைப்பவர்) ஆமோஸின் நூலில் வருகிறது. பலியும் பண்டிகையும் மோசேயின் சட்டத்தில் கடவுளே விதித்தவை அல்லவா? அப்படியானால் தீர்க்கதரிசிகள் வழிபாடே வேண்டாம் என்றார்களா?

பதில்: அவ்வாறு பொருள் கொண்டவர்கள் உண்டு. ஆனால் மற்றொரு தீர்க்கதரிசியான ஏசாயாவின் நூலின் முதல் அதிகாரம் அதற்கு இடம் தரவில்லை. ஆட்டுக்கடாக்களின் பலி சலித்துவிட்டது என்று சொன்ன கையோடு, நீங்கள் எவ்வளவு ஜெபித்தாலும் கேட்கமாட்டேன் என்றும் அங்கே கடவுள் சொல்கிறார். பலியை அவர் ஒழித்தார் என்றால் ஜெபத்தையும் ஒழித்தார் என்றாகிவிடும். அதை ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. கைகளில் இரத்தம் நிறைந்திருக்கிறது என்பதே அங்கு சொல்லப்படும் காரணம்.

ஆமோஸ் இதை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறார். தென் நாடான யூதாவிலுள்ள தெக்கோவாவில் மந்தை மேய்த்தும் காட்டத்தி மரங்களைப் பேணியும் வாழ்ந்த அவர், கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாமின் செழிப்பான ஆட்சிக்காலத்தில், வட நாடான இஸ்ரவேலின் பெத்தேலுக்குச் சென்று பேசினார். ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால், இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறொன்றும் இல்லாததால், பொழுது சாய்வதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்கிறது மோசேயின் சட்டம் அடங்கிய யாத்திராகம நூலின் 22-ஆம் அதிகாரம். அப்படி அடகாக வந்த ஆடைகளை விரித்து, அவற்றின்மேல் பலிபீடங்களின் அருகிலேயே படுத்துக்கொள்கிறார்கள் என்பது ஆமோஸின் குற்றச்சாட்டு. ஆகவே அநீதி ஓரிடத்திலும் வழிபாடு வேறிடத்திலும் நடக்கவில்லை. பறித்த பொருளே பீடத்தின் அருகில் விரிந்து கிடக்கிறது.

ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கித் தானியம் விற்கலாமே என்று காத்திருக்கும் வணிகர்களையும் அவர் விடவில்லை. (அவர்கள் ஓய்வுநாளை மீறியவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.) நீதி வற்றாத நதியைப்போல ஓடட்டும் என்று அவர் கேட்கும் இடத்தில் உள்ள எபிரேயச் சொல், அந்நாட்டில் மழைக்குப் பெருகிக் கோடையில் பெரும்பாலும் வறண்டுவிடும் ஓடைகளுக்கும் வழங்குவது, அதனால்தான் ‘வற்றாத’ என்ற அடைக்கு அங்கே அத்தனை கனம்.

கேள்வி: இவ்வளவு பேசியவர்களை ஆலயத்தார் சும்மா விட்டார்களா?

பதில்: இல்லை. இது அரசனின் திருத்தலம், யூதாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று ஆமோஸை விரட்டினார் பெத்தேலின் ஆசாரியர் (பலி செலுத்தும் குரு) அமத்சியா. பழைய வழிபாட்டுத் தலமான சீலோவுக்கு நேர்ந்த அழிவு எருசலேம் ஆலயத்துக்கும் நேரும் என்ற தீர்க்கதரிசி எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று ஆசாரியர்களே கூச்சலிட்டனர். சீயோன் (எருசலேம்) வயலைப்போல உழப்படும் என்று முன்பு தீர்க்கதரிசி மீகா சொன்னபோது எசேக்கியா அரசன் அவரைக் கொல்லவில்லையே என்று மூப்பர் சிலர் வாதாடினர். அகீக்காம் என்பவரின் ஆதரவும் சேர்ந்து எரேமியா தப்பினார். அதே செய்தியைச் சொன்ன உரியா என்ற தீர்க்கதரிசியோ எகிப்துக்கு ஓடியும் பிடித்துக் கொண்டுவரப்பட்டு, யோயாக்கீம் அரசனின் வாளால் மாண்டார்.